பட்டியலில் இல்லாத மொட்டைப்பனை

1997 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை 9.40. வானத்தில் மூன்று துண்டு மேகம். கடற்காற்று இன்னும் எழவில்லை. வெயில் அதற்குள் சட்டைக் காலரைச் சுட்டது. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரத்துக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து விளாத்திகுளத்துக்கு இன்னொன்று, அதற்குமேல் கடற்கரை வரை ஒரு மினி லாரி. லெவல் கருவியும் முக்காலியும் டேப்புமாக அந்த மேட்டின் அடிவாரத்தில் இறங்கினேன். ஸ்டாஃப் என்கிற அளவுக்கோலைப் பிடிக்க ஒரு கேங்மேன் கூட வந்திருந்தார்.

அப்போது எனக்கு இருபத்தாறு வருடச் சர்வீஸ். பதவியின் பெயர் இளநிலைப் பொறியாளர். ஊர்க்காரர்களுக்கு நான் ஓவர்சியர். அதுவரை பார்த்த வேலையெல்லாம் கரிசல் மண்ணில் ரோடும் கல்வெர்ட்டும்தான். கோடையில் பிளந்தும் மழையில் உப்பியும் போட்ட ரோட்டைக் கெடுக்கிற மண்ணோடு சண்டை போட்டே தலை நரைத்தவன். கடற்கரையில் எனக்கு அதுதான் முதல் வேலை. வேலையின் பெயர் 'காட்சி முனை அமைத்தல்'. சுற்றுலாப் பயணிகள் வந்து நின்று கடலைப் பார்க்க ஒரு மேடை, நான்கு சிமெண்டு பெஞ்சு, கான்கிரீட் குடை ஒன்று, சுற்றிலும் கம்பி வேலி.

இன்றைய இளம் பொறியாளர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்பது வருடம் ஆறினால் கோபம் போய்விடும் என்று என் மனைவி சொன்னாள். போகவில்லை.

1. மேடு

சங்குமுனை என்ற மீனவர் ஊரின் கடைசி வீட்டிலிருந்து தெற்கே முந்நூற்று எண்பது காலடி வைத்தால் அடிவாரம். உச்சிக்கு மேலும் தொண்ணூற்று நான்கு காலடி. மேலே பதினான்கு உடைமரங்கள், மூன்று ஆண்பனைகள், ஒரு மொட்டைப்பனை. உடைமரம் என்பது உச்சி தட்டையாக, குடை விரித்தாற்போல் நிற்கும் முள்மரம். சித்திரையில் எங்கள் கரிசல் பக்கத்து ஆட்டுக்காரர்கள் மேய்ச்சல் தேடி இங்கே வரும்போது அதன் நிழலில்தான் ஆடுகளை மடக்குவார்களாம். மொட்டைப்பனை என்பது மண்டை போன பனை. ஓலை இல்லை, காய் இல்லை. கறுத்த தூண் ஒன்று வானத்தைப் பார்த்து நின்றது.

அஸ்திவாரத்துக்காக இரண்டு மீட்டர் ஆழத்துக்குச் சோதனைக்குழி தோண்டினோம். மேலே அறுபது சென்டிமீட்டர் வெள்ளை மணல், அடம்புக்கொடியின் வேரோடு. அதன்கீழ் இறுகிப்போன செம்மணல். அதற்கும் கீழ் ஒரு சாண் கனத்துக்குச் சிப்பி. அதனுள் உடைந்த பானை ஓடுகளும் சாம்பலும் மீன் முள்ளும் அறுத்த சங்குத் துண்டுகளும். கடைசியில் பவளக்கல். கடல் ஒரு காலத்தில் இந்த உயரத்தில் நின்றிருக்கிறது, பிறகு விலகியிருக்கிறது, மனிதர்கள் வந்து சமைத்துத் தின்றிருக்கிறார்கள், அதன்மேல் காற்று மணலைக் கொண்டுவந்து மூடியிருக்கிறது. புத்தகம் படிக்காமலே இதெல்லாம் அந்தக் குழியில் தெரிந்தது.

உச்சியில் ஒரு பழைய கட்டிடத்தின் அடிக்கல் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு இலாகாப் பியூன்கள் தங்கிய சாவடியாம். யாராவது திருட்டுத்தனமாக உப்புக் காய்ச்சுகிறார்களா என்று அங்கிருந்து பார்ப்பார்களாம். அவர்களுக்கு முன்னால் சங்கு குளிக்கிறவர்களின் வீட்டுப் பெண்கள் அங்கே நின்று தோணி திரும்புகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் மீன்கூட்டம் பார்க்கிறவர்கள். ஆக, அந்த மேட்டில் காலங்காலமாக யாரோ நின்று கடலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். எல்லோரும் வயிற்றுப்பாட்டுக்காகப் பார்த்தார்கள். அழகுக்காகப் பார்க்க ஆள் வரப்போவது அதுதான் முதல் தடவை.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் சவரிமுத்து. அப்போது ஐம்பத்தெட்டு வயது. சொந்தமாக ஒரு வள்ளம் வைத்துப் பாய்மரத்தில் ஓடுகிறவர். நான் லெவல் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன ஆபீசரு, மேட்டுக்குக் காய்ச்சல் பாக்குதீங்களோ? குழல வச்சிக் குனிஞ்சிக் குனிஞ்சி பாக்குதீங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதீங்க."

"உயரம் பாக்குறேன் அண்ணாச்சி."

"இங்கன எதையும் வெட்ட மாட்டீங்கள்லா?"

"இப்ப அளக்கத்தான் வந்திருக்கேன்."

அவர் மொட்டைப்பனையை ஒருதரம் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். இறங்கிப் போய்விட்டார்.

லெவல் வேலையில், திரும்பத் திரும்ப வந்து ஒத்துப்பார்க்க ஆடாத அசையாத ஒரு குறி வேண்டும். நான் மேடு முழுக்கத் தேடினேன். மொட்டைப்பனையைவிட உறுதியானது எதுவும் இல்லை. அதன் தெற்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்தேன். ஃபீல்ட் புத்தகத்தில் எழுதினேன்: 'தற்காலிக பெஞ்ச்மார்க், பட்ட பனையில் ஆணி. சாவடி மூலைக்கல்லிலிருந்து 11.40 மீட்டர், சர்வே கல்லிலிருந்து 17.20 மீட்டர்.'

மத்தியானம் அதே பனையில் சாய்ந்து உட்கார்ந்துதான் மரப்பட்டியல் தயாரித்தேன். எங்கள் அலுவலகத்துப் பட்டியலில் இரண்டே பத்திகள்: பலன் தருபவை, பலன் தராதவை. பட்ட மரத்துக்கு மதிப்பு இல்லை, ஏற்றத் தேவையில்லை என்பது வழக்கம். பலன் தராதவை: உடை 14, ஆண்பனை 3. மொத்தம் 17. கையெழுத்துப் போட்டேன்.

எதையும் எண்ணாமல் விடாதவன் நான். ஏறிய படியை எண்ணுவேன், பேருந்தில் நிற்கிறவர்களை எண்ணுவேன். அன்றைக்கு முதுகு சாய்த்திருந்த மரத்தை எண்ணாமல் விட்டேன்.

2. கூட்டம்

மே மாதம் ஊர்க்கூட்டம் போட்டோம். சங்குமுனைக்காரர்கள் நாற்பத்தொரு பேர், பக்கத்து வடக்கூர் மீனவர்கள் பத்தொன்பது பேர். எங்கள் உதவி செயற்பொறியாளர், அதாவது ஏ.இ.இ., நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் மரப்பட்டியலை உரக்க வாசித்தேன். பிறகு கேட்டேன்:

"இந்த மரங்கள்ல யாருக்காவது பாத்தியதை உண்டா? வெட்டக்கூடாதுன்னு ஆட்சேபணை உண்டா?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. சவரிமுத்துவைப் பார்த்தேன். அவர் உதட்டை நக்கினார், எழுந்திருக்கப் போவதுபோல் கையை ஊன்றினார், வடக்கூர்க்காரர்கள் பக்கம் ஒருதரம் திரும்பினார், மறுபடி உட்கார்ந்துவிட்டார். 'ஆட்சேபணை எதுவுமில்லை' என்று எழுதி அறுபது பேரிடமும் கையெழுத்தும் ரேகையும் வாங்கினேன்.

அவர் ஏன் உட்கார்ந்தார் என்று தெரிந்துகொள்ள எனக்கு நான்கு மாதம் ஆனது.

3. வெட்டு

ஆகஸ்டில் வேலை தொடங்கியது. ஏ.இ.இ. ஜீப்பில் வந்து இறங்கினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்:

"என்னய்யா இது? வியூ பாயிண்டுங்கிறோம், வியூவுக்கு நட்ட நடுவுல மொட்டைத் தூண் ஒண்ணு நிக்குது? போட்டோ எடுக்கிறவன் தலையில முளைச்ச மாதிரில்ல விழும்?"

"பனை சார். பட்டது."

"பட்டியல்ல இருக்கா?"

"இல்லை சார்."

"பட்டியல்ல இல்லாததுக்கு என்ன பர்மிஷன்? தள்ளச் சொல்லு."

காண்டிராக்டர் ஆள் அன்றைக்கு மாலையே தள்ளினான். இருபத்திரண்டு நிமிடம் ஆனது. அடிக்கட்டையையும் பெயர்த்தார்கள். உச்சியை ஒன்றே கால் மீட்டர் வெட்டிச் சமப்படுத்தினார்கள். சர்வே கல்லைப் பெயர்த்துத் தாங்குசுவரில் வைத்துக் கட்டிவிட்டார்கள். சாவடி மூலைக்கல் ஒன்றுமட்டும், சரிவில் இருந்ததால் தப்பியது. மூன்று ஆண்பனையும் பதினான்கு உடைமரமும் போயிற்று. குடைபோல நிற்கிற பதினான்கு மரத்தை வெட்டிவிட்டு, நிழலுக்காக அதே இடத்தில் கான்கிரீட்டில் ஒரே ஒரு குடை கட்டினோம். இந்தக் கேவலத்தை எஸ்டிமேட்டில் என் கையாலேயே எழுதினேன்.

4. கோவில்பட்டிக்கு வந்தவர்

செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. கோவில்பட்டியில் என் வீட்டு வாசலில் சவரிமுத்து நின்றார். கூட அவர் மனைவி பிலோமினாள். வீடு விசாரித்து மூன்று தெரு அலைந்திருக்கிறார்கள். உட்காரச் சொன்னேன். பிலோமினாள் உட்காரவில்லை.

"ஆபீசரு வீட்டுல சாப்பாடெல்லாம் ஒழுங்கா நடக்குதா?" என்று கேட்டாள்.

"நடக்குதும்மா. ஏன்?"

"எங்க வீட்டுல நடக்கல. அதக் கேக்கத்தான் வந்தோம்."

"ஏட்டி, சும்மா கெட," என்றார் சவரிமுத்து. பிறகு என்னிடம் திரும்பிச் சொன்னார். அதைச் சொல்ல அவருக்குப் பெரும் கஷ்டமாக இருந்தது.

கடலுக்கு அடியில் பாறைத் திட்டு ஒன்று இருக்கிறது. அவர்கள் அதைப் பார் என்கிறார்கள். ஏழு பாகம் ஆழம். ஒரு பாகம் என்பது ஆறு அடி. காற்றுக் காலத்தில் வேறு எங்கும் மீன் இல்லாதபோதும் அதன் விளிம்பில் விளமீனும் ஊளியும் கிடைக்கும். சங்குமுனையின் பதினொரு வள்ளங்கள் வருடத்தில் நான்கு மாதம் அதை நம்பித்தான் அடுப்பு மூட்டின. ஆனால் விளிம்பில் சரியாக வலை விடவேண்டும். பத்துப் பாகம் தள்ளிப்போனால் வலை பாறையில் மாட்டிக் கிழியும்.

"தண்ணிக்கு மேல அதுக்கு என்ன அடையாளம்?" என்று கேட்டேன்.

"தண்ணியில என்ன ஆபீசரு இருக்கு? கரையிலதான் இருக்கு. மொட்டப்பனையும் அதுக்குப் பொறத்தால உங்க ஊருக் குருமலையில இருக்க பள்ளமும் ஒரே நேரா வரணும். வடக்க கோயில் கோபுரமும் தண்ணித் தொட்டியும் ஒரே நேரா வரணும். ரெண்டு நேரும் எங்கன கூடுதோ அங்கனதான் பாரு."

குருமலை கோவில்பட்டிக்குத் தெற்கே இருக்கிற மலை. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தினமும் கண்ணில் படும். அதைக் கடலிலிருந்து ஒருவர் பார்த்து வலை விடுகிறார்!

"இதைக் கூட்டத்துல சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி! வாயைத் தெறந்து கேட்டேனே!"

"வடக்கூர்க்காரன் பத்தொம்பது பேரு உக்காந்திருந்தான்லா? பனைய வெட்டாதீங்கன்னு நான் எந்திரிச்சா, பட்ட பனை இவனுக்கு எதுக்குன்னு யோசிக்க மாட்டானா? நாலு தலைமொற அந்தக் குறிய வெளிய சொன்னதில்ல. எங்க அய்யா எனக்குச் சொன்னதே, நான் கல்யாணம் முடிச்ச பொறகுதான்."

"பொண்டாட்டிக்கே சொல்லல," என்றாள் பிலோமினாள். "பனை விழுந்த அன்னைக்குச் சோத்துல கைய வச்சிக்கிட்டு இவிய அழுதப்பத்தான் எனக்கே தெரியும்."

பனை போனபிறகு அவருக்கு மூன்று வலை கிழிந்துவிட்டது. மற்ற பத்து வள்ளத்தில் இரண்டு கரையேறிவிட்டன. அந்த ஆட்கள் புதியம்புத்தூருக்குத் தையல் வேலைக்குப் போய்விட்டார்களாம். தாங்களாகவே ஒரு கம்பம் நடலாம் என்று போனால், காண்டிராக்டரின் காவல்காரன் அரசாங்க இடம் என்று விரட்டியிருக்கிறான். போதாததற்கு, மேட்டை வெட்டிச் சமப்படுத்தியதில் பனை நின்ற இடம் எது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா ஆபீசரு? நீங்கதான அன்னைக்கு நாடாவப் போட்டு எல்லாத்தையும் அளந்தீங்க?"

ஃபீல்ட் புத்தகத்தை எடுத்து வந்தேன். மரப்பட்டியலில் ஏறாத பனை அதில் ஏறியிருந்தது. எனக்குக் குறியாக வேண்டியிருந்தபோது அது இருந்தது. ஊருக்குக் குறியாக வேண்டியிருந்தபோது அதை இல்லை என்று எழுதியவனும் நான்தான்.

5. கடல்

இரண்டு கல்லில் ஒன்று தாங்குசுவருக்குள் போய்விட்டதால், மிஞ்சியது ஒரே அளவு: சாவடி மூலைக்கல்லிலிருந்து 11.40 மீட்டர். ஒரு கல்லிலிருந்து ஒரு அளவு மட்டும் இருந்தால் இடம் கிடைக்காது, வட்டம்தான் கிடைக்கும். பனை கல்லுக்குக் கடல் பக்கம் இருந்தது என்பது நிச்சயம். அதனால் அரைவட்டம். அதன்மேல் மூன்று மீட்டருக்கு ஒன்றாகப் பன்னிரண்டு முளை அடித்து, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண் எழுதினேன். இதில் எந்த முளை என்பதைக் கடல்தான் சொல்லவேண்டும்.

ஏ.இ.இ.க்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. அக்டோபரில் காந்தி ஜெயந்தி விடுமுறையோடு மூன்று நாள் லீவு சேர்த்துப் போட்டேன். அந்த நாட்களில் வேலையும் நின்றிருந்தது. நான் வேலையிடத்துப் பொறியாளர் என்பதால் காவல்காரன் என்னைத் தடுக்கவில்லை.

கரிசல்காட்டான் கடலுக்குப் போவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் நாள் ஐந்து முறை வாந்தி எடுத்தேன். இரண்டாம் நாள் மூன்று. மூன்றாம் நாள் ஒன்று. சவரிமுத்து, கோபுரமும் தண்ணீர்த் தொட்டியும் சேரும் நேரைப் பிடித்துக்கொண்டு, அதன்மேலேயே முன்னும் பின்னும் வள்ளத்தை ஓட்டி, கயிற்றில் கட்டிய ஈயக்கட்டியைப் போட்டுப் போட்டு எடுத்தார். மணலில் விழுந்தால் கயிறு சோர்ந்துவிடும். பாறையில் விழுந்தால் கைக்குத் தட்டும். இரண்டு நாளும் தட்டவில்லை.

"எத்தன தடவை போட்டேன் ஆபீசரு?"

"இருநூத்தி அறுபத்தி ஏழு."

"நெசமாவே எண்ணிட்டா வாரீங்க! வாந்தியையும் எண்ணுதீங்களா?"

"ஒன்பது. இப்ப எடுத்ததோட."

அந்த ஒன்பதுதான் கடைசி. மூன்றாம் நாள் காலை 10.15-க்கு அவர் கை சட்டென்று நின்றது. மறுபடி போட்டார். மறுபடி. "கல்லு," என்றார் மெதுவாக. விளிம்பைத் தேடிப் பிடித்து நங்கூரத்தை இறக்கினார்.

திரும்பிக் கரையைப் பார்த்தேன். மேடு ஒரு கோடுபோலக் கிடந்தது. அதற்குப் பின்னால், வெகுதூரத்தில், நீல நிறத்தில் குருமலை. நடுவில் ஒரு பள்ளம். மாடியிலிருந்து முப்பது வருடமாகப் பார்த்தும் அந்தப் பள்ளத்தை நான் கவனித்ததில்லை.

மேட்டில் பிலோமினாளும் நான்கு பேரும் ஒரு வள்ளத்துப் பாய்மரத்தைப் பாயோடு தூக்கி நிறுத்தியிருந்தார்கள். முளை முளையாக நகர்த்துவது அவர்கள் வேலை. எங்கள் பாய் இறங்கியே இருக்கிற வரை அடுத்தடுத்த முளை. ஏற்றினால் அதே இடம், நிற்கவேண்டும். ஒன்றாம் முளையில் பாய்மரம் மலைப் பள்ளத்துக்கு வெகு தூரம் வடக்கே நின்றது. இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொன்றுக்கும் அந்த ஐந்து பேரும் அத்தனை பெரிய மரத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். எட்டாம் முளையில் சவரிமுத்து கண்ணைச் சுருக்கினார். ஒன்பதாம் முளையில் எழுந்து நின்றார்.

"ஏத்துங்க பாய! எங்க அய்யா நிக்குத மாதிரி நிக்குது!"

கரைக்கு வந்ததும் பிலோமினாள் கேட்டாள்: "ஒம்பதுலதான் நிக்கும்னு முன்னாலயே தெரிஞ்சா ஒண்ணுலேந்து எதுக்கு ஆபீசரு தூக்க விட்டீங்க?"

"முன்னால தெரியாதும்மா."

"ஆமா, நீங்கல்லாம் வெட்டுன பொறகுதான தெரிஞ்சிக்கிடுதீங்க."

நான் ஒன்பதாம் முளையை இன்னும் ஆழமாக அடித்து இறக்கினேன்.

6. கம்பம்

ஒன்பதாம் முளை கான்கிரீட் குடையின் தளத்துக்கு அறுபது சென்டிமீட்டர் வெளியே விழுந்தது. அந்த மட்டுக்கும் தப்பித்தோம். இரும்புக்குழாய் இரண்டைச் சேர்த்து வெல்டிங் வைத்துப் பன்னிரண்டு மீட்டராக்கினேன். ஒன்றரை மீட்டர் பூமிக்குள், பத்தரை மீட்டர் வெளியே. கறுப்பு பெயிண்ட். குழி தோண்டுகிற கூலியைச் சங்குமுனைக்காரர்கள் வாங்க மறுத்தார்கள். நான் கட்டாயப்படுத்திக் கொடுத்தேன்.

ஜனவரியில் திறப்பு விழா. பெரிய அதிகாரிகள் வந்தார்கள். நான் வழக்கம்போல எண்ணினேன். வந்த பொதுமக்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒருவர் மேடையில் நின்ற நேரம் சராசரியாக நான்கு நிமிடம். அதில் பாதிப்பேர் புகைப்படத்துக்காகக் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். இதற்காகத்தான் பதினெட்டு மரம்.

ஏ.இ.இ. கம்பத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இது எந்த எஸ்டிமேட்ல வருது?"

"எந்த எஸ்டிமேட்லயும் இல்லை சார்."

"யார் சாங்ஷன்?"

"யாரும் இல்லை சார். என் சொந்தச் செலவு." பாரைப் பற்றி முழுவதும் சொன்னேன்.

"மீன் பிடிக்கிறவனுக்கும் நம்ம டிபார்ட்மெண்டுக்கும் என்னய்யா சம்பந்தம்? பட்ட மரத்துக்குப் பத்து அடி தள்ளி ஒரு மரத்தைப் பார்த்துக்கிடச் சொல்லு!"

"எல்லாத்தையும்தான் வெட்டிட்டோமே சார்."

அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் பிப்ரவரியில் 17(பி) குறிப்பாணை, அதாவது குற்றப்பத்திரிகை, வந்தது என்று நினைக்கிறேன். 'உரிய அனுமதியின்றி அரசு நிலத்தில் 10.50 மீட்டர் உயரமுள்ள இரும்புக் கம்பம் நிறுவியது'. விசாரணை ஏழு மாதம். தண்டனை: ஓராண்டுக்கு ஊதிய உயர்வு நிறுத்தம்.

ஆனால் ஒன்று நடந்தது. கம்பத்தை அகற்ற ஏ.இ.இ. உத்தரவு போட்டபோது, அலுவலகக் கணக்கர் கோப்பைத் திருப்பி அனுப்பினார். குறிப்பாணையில் உயரமும் இடமும் எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆகவே அது இப்போது அரசு நிலத்தில் உள்ள, பதிவான ஒரு கட்டுமானம். அகற்ற எஸ்டிமேட் வேண்டும், மேலதிகாரி அனுமதி வேண்டும், இரும்பை ஏலம் விட வேண்டும். நான் 2006-இல் ஓய்வு பெற்ற அன்றும் அந்தக் கோப்பு மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பட்டியலில் ஏறாததால் பனை விழுந்தது. குற்றப்பத்திரிகையில் ஏறியதால் கம்பம் நிற்கிறது.

7. மிச்சம்

ஓய்வு பெற்ற மறுமாதம் போய்ப் பார்த்தேன். கான்கிரீட் குடை உப்புக்காற்றில் வெடித்து, உள்கம்பி துருப்பிடித்து வெளியே தெரிகிறது. பெஞ்சு நான்கில் ஒன்று மிச்சம். வேலியில் ஆடு நுழைகிற ஓட்டைகள் ஆறு. கம்பத்துக்கு மட்டும் சங்குமுனைக்காரர்கள் வருடந்தோறும் பெயிண்ட் அடிக்கிறார்கள்.

சவரிமுத்து சந்தோஷமாக இருப்பார் என்று போனேன். "பாரு கெடச்சிது ஆபீசரு," என்றார். "ஆனா, குறி போச்சி. நட்டமா ஒரு இரும்ப நட்டு வச்சா, வடக்கூர்க்காரனுக்குக் கண்ணு தெரியாதா? இப்ப இருபத்தி மூணு வள்ளம் வருது."

"என் மேல வருத்தமா அண்ணாச்சி?"

"வருத்தப்பட்டு என்ன செய்ய? அவனும் அடுப்பு மூட்டணும்லா." கம்பத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, "பனை இருந்திருந்தா நாங்க பதினோரு பேருதான்," என்றார்.

இளம் பொறியாளர்களே, பட்டியல் எழுதுமுன் ஒன்று செய்யுங்கள். 'பலன் தராதவை' என்ற பத்தியில் பேனாவை வைக்கும்போது, யாருக்கு என்று கேளுங்கள். கூட்டத்தில் கேட்டால் போதாது. எழுந்திருக்கப் பார்த்து உட்கார்ந்தவரின் வீட்டுக்குத் தனியாகப் போய்க் கேளுங்கள். ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு செலவு பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக என் கணக்கைக் கீழே தருகிறேன். சவரிமுத்துவின் கணக்கு இதில் சேராது. அதைப் போட எனக்குத் தெரியவில்லை.

குழாய் இரண்டு 4,320. வெல்டிங் 350. லாரி 600. பெயிண்ட் 215. சிமெண்டு மூன்று மூட்டை 420. குழி தோண்டிய கூலி 240. நின்றுபோன ஊதிய உயர்வு, அகவிலைப்படியோடு 2,268. வாந்திக்கு எலுமிச்சம்பழம் இரண்டு, ஒரு ரூபாய்.

மொத்தம் எட்டாயிரத்து நானூற்றுப் பதினான்கு ரூபாய்.